சிட்டம்மாள் சொல்லாத வரி

எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது ஒருத்தி மட்டும் நடுவில் வாயை மூடிக்கொண்டால் தெரியாமலா போகும்? மானாம்பதியில் எங்கள் சபையே இரண்டு பெஞ்சும் நாலைந்து பாயும்தான். அதிலும் சிட்டம்மாளுக்கு வெண்கலக் குரல். ஆண்டவர் கற்றுத்தந்த ஜெபத்தைக் கணீரென்று ஆரம்பிப்பாள். எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம், எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வந்ததும் கப்பென்று நின்றுவிடுவாள். அந்த வரியைத் தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்வாள்.

நான் பிறந்ததிலிருந்து அந்தச் சபையில்தான் இருக்கிறேன். பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே அந்த ஜெபத்தைச் சொல்லி முடிக்கிற ஆள் நான். அவள் விசுவாசத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாவம், மறந்துவிடுகிறாள் என்று நினைத்தேன்.

அங்கே உபதேசியார் என் தம்பி அருள்தாஸ். எண்பத்தொன்றாம் வருஷம் ஈஸ்டர் திங்களன்று ஞானஸ்நானம் என்று நாள் குறித்து, புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தான். மனந்திரும்புதல் என்றால் என்ன, விசுவாசம் என்றால் என்ன, பாவமன்னிப்பு ஏன் விலையில்லாமல் வருகிறது என்று அவன் சொல்லச் சொல்ல, சிட்டம்மாள் களைக்கொத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆசையாகக் கேட்டாள். தண்ணீரில் இறங்குகிறவர்கள் அந்த ஜெபத்தைத் தனியாக, முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். எல்லாம் சொல்கிறேன், அந்த வரியை மட்டும் சொல்ல மாட்டேன் என்றாள். வரியை விட்டால் ஞானஸ்நானம் இல்லை என்று அருள்தாஸும் சொல்லிவிட்டான்.

“அது சத்தியம்யா,” என்றாள். “கற்பூரத்த ஏத்தி அணைக்கிற மாரி. மனசுல மன்னிக்காத, வாயால மட்டும் மன்னிச்சிட்டேன்னு எப்டி சொல்றது?”

சத்தியம் வேறு, ஜெபம் வேறு என்று அருள்தாஸ் பக்குவமாக விளக்கிப் பார்த்தான். அவள் அசையவில்லை. எங்கள் பக்கத்தில் கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துவிட்டுப் பொய் சொல்ல எந்தக் கொம்பனுக்கும் தைரியம் வராது. அந்தப் பயத்தை அவள் அப்படியே ஜெபத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அவள் மன்னிக்காத ஆள் வேதகிரி, அவள் புருஷனுக்கு அண்ணன். சில வருஷங்களுக்கு முன் சித்திரையில் அவர் பொன்னேர் பூட்டிய அன்று, சிட்டம்மாளின் மகள் அம்முலுவுக்கு வாந்திபேதி. புருஷன் மெட்ராஸில் வேலைக்குப் போயிருந்தான். அப்போது அந்த வழியில் பஸ் கிடையாது. வண்டி கட்டச் சொல்லி வயலுக்கு ஓடினாள். வருஷத்தின் முதல் ஏரைப் பாதிச் சுற்றில் அவிழ்த்தால் வெள்ளாமைக்கு ஆகாது, சுற்றை முடித்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார் அவர். அவள் காத்திருக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஏரிக்கரை தாண்டுவதற்குள் குழந்தை போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஈஸ்டர் திங்கள் காலையில், ஞானஸ்நானத்துக்கான வெள்ளைப் புடவையோடு, அவளை மானாம்பதிக்கு அழைத்துவர அவள் ஊருக்குப் போனேன். தம்பி சொல்லித்தான் போனேன், நம்பிக்கையோடு இல்லை. அவள் பஸ் நிற்கிற பக்கம் போகாமல் வயல்வரப்பில் இறங்கி நடந்தாள். மன்னிப்பது என்னால் ஆகிற காரியமே இல்லை, அதையும் ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன், இப்போது கொடுத்திருக்கிறார் என்று வழியில் சொன்னாள்.

அன்றைக்கும் வேதகிரி பொன்னேர்தான் பூட்டியிருந்தார். மாட்டுக் கொம்பில் குங்குமம், வரப்பில் வெற்றிலை பாக்கு, தேங்காய். பாதிச் சுற்றில் ஏர் வந்துகொண்டிருந்தது. சிட்டம்மாள் எதிரே போய் நின்றாள்.

“மாமா, அன்னிக்கு நீ வண்டி கட்டலன்றத நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன். ஆனா இனிமே அத வெச்சி உன்ன வெறுக்க மாட்டேன். வுட்டுட்டேன். இத்த சொல்லிட்டுத்தான் தண்ணில எறங்கணும்னு வந்தேன்.”

வேதகிரி கலப்பையைப் பிடித்தபடியே நின்றார். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இனி மத்தியானம்தான் அடுத்த பஸ் என்று நான் தலையில் கையை வைத்தேன். அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார். வரப்பில் நின்ற பெரியவர்கள் வேணாம்டா வேணாம்டா என்று பதறினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. மாடுகளை ஓட்டிவந்து வண்டியில் பூட்டினார்.

“ஏறும்மா,” என்றார்.

சிட்டம்மாள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மகள் பேரைச் சொல்லி ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

சபையார் ஒருவரின் பம்புசெட்டுத் தொட்டியில்தான் ஞானஸ்நானம். அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஜெபத்தை ஆரம்பித்தாள். அந்த வரி வந்ததும் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னாள். அத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்த அந்த வரியை அன்றைக்குத்தான் நான் காதால் கேட்டேன். வேதகிரி மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

ஈரப் புடவையோடு கரையேறியவள் யாரையும் பார்க்காமல் நேரே அவரிடம் போனாள்.

“ஏரு பாதி சுத்துல நிக்கிது,” என்றாள். “வா மாமா, போயி முடிச்சிடலாம்.”