கழுத்து அச்சும் முழு அச்சும்

வெர்லின் ஹாகன் புதிதாக வாங்கிய அச்சில் முதல் பித்தளைத் தோட்டாக் கூட்டை வைத்துக் கைப்பிடியை அழுத்தியபோது, கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த எல்க் மானின் தலை கண் திறந்து மூச்சு விட்டது. குளிர் காலமானதால் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாடி விழிகள் இருந்த இடத்தில் ஈரமான கறுப்பு விழிகள் இருந்தன. அந்த மானைக் கொன்ற தோட்டாவின் கூடுதான் அச்சுக்குள் போயிருந்தது.

மொண்டானாவில் டன்லேவி என்ற அந்த ஊரில் பாதிப் பேர் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்கள். சுட்ட கூடு துப்பாக்கிக்குள் உப்பிவிடும். அச்சில் கொடுத்து இறுக்கினால்தான் மறுபடி வெடிமருந்து அடைக்கலாம். கழுத்தை மட்டும் இறுக்கும் அச்சு ஒன்று, கூடு முழுவதையும் சுடாத நாளின் வடிவத்துக்குக் கொண்டுபோகும் அச்சு இன்னொன்று. ஒரே துப்பாக்கி வைத்திருப்பவனுக்குக் கழுத்து அச்சே போதும் என்று வெர்லின் அதை வாங்கியிருந்தான். இப்போது மரப்பலகையில் அறைந்த கழுத்து, இல்லாத கால்களைத் தேடித் திமிறுவதைப் பார்த்து அவன் கைப்பிடியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். பிறகு தலையின் மேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டு அச்சு வாங்கிய ஓரின் ஸ்லெட்டனின் கடைக்கு வண்டியை விட்டான்.

ஓரின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கழுத்து அச்சு கழுத்து வரைக்கும்தான் கொண்டாரும்" என்று சொல்லி முழு அச்சை எடுத்துக் கொடுத்தார். கூட்டை வெறுமனே விட்டால் இந்த அச்சில் சிக்கிக்கொள்ளும், மெழுகு தடவு என்றும் சொல்லி அனுப்பினார்.

அதே கூட்டில் மெழுகு தடவி முழு அச்சில் அழுத்தினான். தார்ப்பாய் தொப்பென்று சுவரோரம் விழுந்தது. முற்றத்தில் முழு எல்க் நின்று உடம்பை உதறி, வேலியைத் தாண்டிப் போயிற்று. வெர்லின் திரும்பி மூலையில் சாய்த்திருந்த துப்பாக்கியைப் பார்த்தான். அதே துப்பாக்கியால்தான், பல வருடங்களுக்கு முன் மூடுபனியில் மான் என்று நினைத்து, அவன் தன் அண்ணன் ராய்ஸைச் சுட்டுக் கொன்றிருந்தான்.

அந்தத் தோட்டாவின் கூடு அண்ணன் மனைவி நடீனிடம் இருந்தது. வழக்கு முடிந்து போலீஸ் திருப்பித் தந்ததை வாங்கி வைத்திருந்தாள். அன்றிலிருந்து அவனோடு பேசியதில்லை. அவன் வாசற்படியில் நின்று சொல்லி முடிக்கும்வரை கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"எந்த அச்சு?"

"முழு அச்சு."

"மத்தத?"

"ஆத்துல போட்டுட்டேன், நடீன்."

கோட்டை மாட்டிக்கொண்டு, கூட்டோடு அவன் கொட்டகைக்கு வந்துவிட்டாள். கூடு கறுத்துப் போயிருந்தது. மெழுகு குறைந்தால் உள்ளே சிக்கிக் கிழிந்துவிடும், கூடினால் கூட்டின் தோள்பகுதி நசுங்கும் என்று அவன் சொன்னான். நசுங்கினால் அவர் எப்படி வருவார் என்று கேட்டாள். தெரியாது என்றான். அவளே விரலால் மெல்லத் தடவினாள்.

கைப்பிடி பாதியில் இறுகி நின்றது. வெர்லினால் மேலே அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் துணியவில்லை. நடீன் தன் கையை அவன் கைமேல் வைத்து முழு எடையையும் கொடுத்தாள். கிறீச்சென்ற சத்தத்தோடு கூடு உள்ளே போய், கீறல் இல்லாமல் வெளியே வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவள் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

ராய்ஸ் நின்றுகொண்டிருந்தான். வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சுச் சட்டையில் தோட்டா ஓட்டை இல்லை. தம்பியைவிட இளையவனாக இருந்தான்.

"என்னைய மலையிலயே விட்டுட்டு வந்துட்டியேடா, அறிவிருக்கா?" என்றான். ராய்ஸின் பார்வை நடீனிடம் போயிற்று. "உன் தலையில என்ன, பனியா?"

"ஆமா" என்றாள் நடீன். "உள்ள வா, கதவச் சாத்து."

அந்த வசந்தத்தில் ராய்ஸ் தன் கல்லறைக் கல்லைத் தானே பெயர்த்து வந்து, எழுத்துள்ள பக்கத்தை அடியில் வைத்து, பின்வாசலுக்குப் படியாகப் போட்டான். சேற்றுக் காலத்துக்கு அது வசதியாக இருந்தது.