பின்னால் போன வீடு

நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர் ஓய்வுபெற்று வீட்டோடு இருக்க வந்த பதினோராம் நாள் காலையில், எங்கள் தெருவின் கடைசியில் இருந்த அவருடைய வீடு நான்கு அங்குலம் பின்னால் போயிருந்தது. முதலில் பார்த்தது அவருடைய மனைவி. வாசற்படிக்கும் தெருக்குழாய்க்கும் நடுவே ஒரு வாளி வைக்கத்தான் இடம் இருக்கும். அன்றைக்கு வாளியை வைத்த பிறகும் கை நுழையும் அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. மறுநாள் எட்டு அங்குலம், அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. ஒரு வாரத்தில் தண்ணீர்க் குழாய் இழுபட்டு உடைந்தது. குழாய் வேலைக்காரர் வந்து பார்த்து, நகருகிற வீட்டுக்கு இரும்புக் குழாய் ஒத்துவராது, ரப்பர் குழாய்தான் சரி என்று சொல்லி, ஐம்பது அடி நீளத்தில் ஒன்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். மின்கம்பிக்கும் அதே ஏற்பாடு செய்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் இருநூற்று எண்பது அடிக்குப் பொட்டல். அதற்கப்புறம், கல் உடைப்பதை எப்போதோ நிறுத்திவிட்ட குவாரிப் பள்ளம். பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நின்றது. அதன் ஆழத்தை யாரும் அளந்ததில்லை, விழுந்த ஆடுகள் வந்து சொல்லவுமில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. வீடு இதே வேகத்தில் போனால் இரண்டரை வருடத்தில் தண்ணீருக்குள் இறங்கிவிடும் என்று ஓட்டுநர் மனைவி விரல்விட்டு எண்ணிச் சொன்னார். விற்றுவிடலாம் என்றால் நகருகிற வீட்டை எவன் வாங்குவான்? மனுக் கொடுத்ததில் நில அளவையாளர் வந்தார். இரண்டு முறை சங்கிலி பிடித்து அளந்தார். வீடு என்பது அசையாச் சொத்து, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஆகவே அசைந்தது தெருதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

காரணம் என்ன என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முப்பத்து மூன்று வருடம் நாளுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியவர், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்த மனுஷன், அவரைக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால்? குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. மனைவி துடைப்பத்தோடு குறுக்கே போனால் இடது காலும் சேர்ந்து மிதித்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, ஓட்டின கால் மட்டும் இருக்குமா என்று தெரு தீர்ப்புச் சொன்னது. ஓட்டுநரும் மறுக்கவில்லை. அவருக்கு இருந்த வருத்தம் வேறு. “போறதுதான் போகுது, ரிவர்ஸ்லயா போகணும்? பின்னால ஆள் நின்னு கை காட்டாம நான் ஒருநாளும் ரிவர்ஸ் எடுத்ததில்லையே” என்று பன்னிரண்டாம் எண் வீட்டுத் தையற்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

நோய் தெரிந்துவிட்டதால் மருந்தும் தெரிந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே மனசுக்குப் பிடித்ததாக, கைக்கு உபயோகமானதாக அவருக்கு ஏதாவது வேலை வேண்டும். கண்டுபிடிக்கும் பொறுப்பு வழக்கம்போல மனைவி தலையில் விழுந்தது. அவர் காரியக்காரி. தினமும் காலையில் பின்சுவரை ஒட்டி ஒரு முளைக்குச்சி அடித்தார், மறுநாள் இஞ்ச் டேப்பால் அளந்தார், அளவைச் சமையலறை நாட்காட்டியில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் குறித்தார். பிறகு இரண்டு பேருந்து மாறி ஊரின் மறுகோடியில் இருந்த நாற்றுப் பண்ணைக்குப் போய், பதினெட்டுச் செடிகளும் தொட்டிகளும் ஒரு மூட்டை மண்ணும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினார். ஓட்டுநர் தொட்டிகளில் மண் நிரப்பினார். மறுநாள் அளந்தால் வீடு ஒரு நூல்கூட நகரவில்லை! தெருவே வந்து பார்த்தது. தையற்காரர் கைதட்டினார். இரண்டு தொட்டி விரிசல் விட்டிருந்ததால் மனைவி அவற்றை மாற்றிவர மறுபடி போனார். அன்றைக்கும் வீடு நின்றது. அடுத்த நாள் மூன்று அங்குலம் போனது.

செடி அலுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்து ஆயிரம் துண்டுகள் கொண்ட ஒட்டுப்படம் வந்தது, அதற்காக மனைவி பெரிய கடைவீதிக்குப் போன நாளில் வீடு நின்றது. அது பாதியில் நிற்கும்போதே மரவேலை வந்தது. மரப்பட்டறைக்கும் ஆணிக் கடைக்கும் சாயக் கடைக்குமாக மனைவி மூன்று நாள் அலைந்தார், வீடு மூன்று நாளும் நின்றது, ஓட்டுநர் செய்த முக்காலி மட்டும் நிற்கவில்லை. பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டினார். ரொட்டி சுட்டார், முதல் ரொட்டியைச் செங்கலுக்குப் பதிலாகக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டார்கள். புல்லாங்குழல் ஊதினார், அடுத்த வீட்டு நாய் சாப்பாட்டை நிறுத்தியது. கூடத்துச் சுவருக்கு ஒரு நிறம் அடித்துப் பிடிக்காமல் வேறு நிறம் அடித்தார், அதுவும் பிடிக்காமல் மூன்றாவது நிறத்தில் பாதிச் சுவரோடு நிறுத்தினார். உடன் வேலை பார்த்தவர்களுக்குக் கடிதம் எழுதினார். எதுவும் பத்து நாள் தாண்டவில்லை. எதற்கும் பொருள் வாங்க மனைவிதான் போக வேண்டியிருந்தது. வெளியூரில் மருந்தாளராக இருந்த மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, முதலில் சௌக்கியம் கேட்பதற்குப் பதிலாக, “இன்னைக்கு எத்தனை அடிம்மா?” என்று கேட்கப் பழகினாள்.

இப்படி இரண்டு வருடம். ரப்பர் குழாயை மூன்று முறை நீட்டினார்கள். தபால்காரர் பொட்டலில் நடந்து போய்க் கடிதம் கொடுக்கப் பழகினார். முதல் வருடம் எண்பது அடி, இரண்டாம் வருடம் நாற்பது அடி. பரவாயில்லை, குறைகிறது, எப்படியாவது அவருக்கு ஒன்று நிரந்தரமாகப் பிடித்துவிட்டால் போதும் என்று தெரு நம்பியது. நல்லது நினைப்பதில் எங்கள் தெருவைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தையற்காரர் புது மின்இயந்திரம் வாங்கினார். பழைய கால்மிதி இயந்திரத்தை ஓட்டுநர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். ஓட்டுநர் உட்கார்ந்தார், மிதியில் பாதத்தை வைத்தார், ஒரு முறை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியதை அன்று பார்த்தவர்கள் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேர்த் தையல் அவருக்கு ஒரே நாளில் வந்தது, வளைவுத் தையல் ஒரு வாரத்தில். திரைச்சீலை, தலையணை உறை, பை என்று காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. கூடத்தில் நடப்பது நின்றது. இரவில் குறட்டை விட்டுத் தூங்கினார். துணியும் நூலும் தையற்காரரே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். “இனிமே நீங்க எங்கேயும் அலைய வேணாம் அக்கா. நிம்மதியா வீட்ல இருங்க” என்றார். மற்றவர்களும் சளைக்கவில்லை, காய் ஒருவர், மருந்து ஒருவர், எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்தது. வீடு நாளுக்கு ஒரு அடி வீதம் போகத் தொடங்கியது.

யாருக்கும் புரியவில்லை. ஓட்டுநர் மனைவிக்கு மட்டும் ஒரு பிற்பகலில் புரிந்தது. இரண்டு வருட நாட்காட்டித் தாள்களைச் சமையலறைத் தரையில் பரப்பிப் பார்த்தார். வீடு நின்ற நாட்களின் கட்டங்களில் பூஜ்யம் இருந்தது. அதே கட்டங்களில் அதே கையெழுத்தில் நாற்றுப் பண்ணை, கடைவீதி, மரப்பட்டறை என்று அவர் போன இடங்களும் இருந்தன. ஒன்று இருந்து மற்றது இல்லாத ஒரு கட்டம்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷனால் வீடு நகரவில்லை. தாள்களை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தார். வெட்கமாக இருந்தது. முப்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்று சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதைவிட, இத்தனை நாள் தலைகுனிந்து பழியைச் சுமந்தாரே அந்த மனுஷர், அவர் முகத்தில் எப்படி விழிப்பது? யாரிடமும் சொல்லாமல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளப் பார்த்தார். செடிக்குத் தண்ணீர் விட்டார். ஒட்டுப்படத்தை ஒரே மூச்சில் முடித்தார், அன்றைக்கு வீடு இரண்டரை அடி போனது. நூல் வாங்கிவருகிறேன் என்று பையை எடுத்தால், தையற்காரர் ஓடிவந்து, “எதுக்குக்கா சிரமம்?” என்று பையைப் பிடுங்கிக்கொண்டார். அன்பால் அடைத்த கதவை எதைச் சொல்லித் திறப்பது? சமையலறை ஜன்னலில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் பேருந்துகள் தீப்பெட்டி அளவில் போவது தெரியும்.

நான்கு மாதத்தில் மிச்சப் பொட்டலும் தீர்ந்தது. ஒரு காலை ஒன்பது மணி அளவில் சமையலறைப் பின்படி பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. படிக்கு அடியிலிருந்து கற்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. வெளியே வந்துவிடுங்கள் என்று தெரு முழுக்கக் கத்தியது. ஓட்டுநர் இயந்திரத்தை விட்டு எழுந்து சமையலறைக்கு ஓடினார். மனைவி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்.

“வா, போயிடலாம். வீடு போனாப் போகுது. எல்லாம் என்னாலதான்.”

“உங்களால இல்லைங்க. நான்தான்.”

“என்ன நீ?”

“வீட்ட நகர்த்துறது. நீங்க இல்ல, நான்தான். ஒரு வருஷமா தெரியும்னு சொன்னா பொய், நாலு மாசமா தெரியும்” என்றார் மனைவி. அழுகை வந்தது, அழுதுகொண்டே பேசினார். “தினம் நீங்க ஊரெல்லாம் சுத்திட்டு வருவீங்க. நான் காலுக்குத் தண்ணி கொண்டாந்து வைப்பேன். எந்த ஊரு, என்ன பாத்தீங்கன்னு என்னைக்காவது கேட்டிருக்கேனா? கேட்டா எனக்கும் ஆசை வந்துரும்னு பயந்துதான் கேக்கல.”

வீடு மூன்று அங்குலம் நகர்ந்தது. அலமாரியில் பாத்திரங்கள் சறுக்கின. ஓட்டுநர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படுவதா, சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவர். ஜன்னலைப் பார்த்தார், மனைவி நின்ற இடத்தைப் பார்த்தார், எதிரே நெடுஞ்சாலையைப் பார்த்தார்.

“எங்க போகணும் உனக்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மனைவியிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

“தெரியல. முதல்ல அந்த ரோட்டுக்கு.”

“அந்த ரோட்டுக்கு நேரா போக முடியாது, நடுவுல பள்ளம். சுத்தித்தான் போகணும். நீ இந்த ஜன்னல்ல நின்னு பாத்தா வீடும் இந்தப் பக்கம்தான் வரும். முன்னால வா.”

கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தார். தான் செய்த முக்காலியை எடுத்து, ஆட்டம் நிற்க ஒரு காலுக்கு அடியில் துணியை மடித்து வைத்து, வாசல் ஜன்னலுக்கு நேரே போட்டார். மனைவி உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இடது பக்கம் பார்த்தார். வீடு மண்ணைக் கிளறிக்கொண்டு மெல்ல இடது பக்கம் திரும்பியது. பின்படி மட்டும் முறிந்து பள்ளத்தில் விழுந்தது, அது விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது. ரப்பர் குழாய் அறுந்தது, மின்கம்பி அறுந்தது. முன்வாசலை முன்னால் வைத்துக்கொண்டு வீடு பள்ளத்தின் ஓரமாக மனிதன் நடக்கும் வேகத்தில் போய், பதினொன்றரை மணிக்கு நெடுஞ்சாலையில் ஏறியது. இரண்டு லாரிகள் வழிவிட்டன.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. வீடு மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ தெருவுக்கு வரும், நான்கைந்து நாள் நிற்கும். வந்தால் குழாய் வேலைக்காரர் தண்ணீர் இணைப்புக் கொடுப்பார், தையற்காரர் துணிக்கட்டைக் கொடுத்துத் தைத்ததை வாங்கிக்கொள்வார். இல்லாத நாட்களில் யாராவது தேடி வந்தால், கடைசி வீடு வெளியே போயிருக்கிறது, வந்ததும் சொல்கிறோம் என்பார்கள். மகள் வேலை பார்க்கும் ஊருக்கு ஆறு நாளில் போய், மருந்துக் கடைக்கு எதிரே இரண்டு வாரம் நின்றுவிட்டு வந்தார்கள். நில அளவையாளர் மறுபடி வந்து, மனை காலியாக இருப்பதைப் பார்த்து, வீட்டார் வெளியூர் என்று எழுதிக்கொண்டு போனார். செடிகளுக்கு எல்லாப் பக்கத்து வெயிலும் கிடைத்ததால் அவை சாயாமல் வளர்ந்தன. ஓட்டுநர் ரொட்டியைக்கூட ஒருவழியாகக் கற்றுக்கொண்டார். வீட்டோடு இருப்பது இவ்வளவு சுகம் என்று தெரிந்திருந்தால் பத்து வருடம் முன்பே ஓய்வு வாங்கியிருப்பேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒருமுறை மலைச்சாலை ஒன்றில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வீடு கொஞ்சம் வேகமாகத் திரும்பிவிட்டது. திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் விரலில் ஊசி ஏறியது. “வளைவுல கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்” என்றார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

“ஓட்டுநரோட பேசக் கூடாது” என்றார்.

நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. விரலைச் சப்பிக்கொண்டு, ஊசியில் புது நூலைக் கோத்தார்.