காது மெசினும் ஆறு பற்றரியும்

நாகபூசணிக்குப் பத்து வயதில் வந்த காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. பேச்சு மிஞ்சியது. மற்றவர்கள் சொல்வதை வாயசைவைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். சுவிசில் இருந்த புருசன் பரராசசிங்கம் அனுப்பிய காது மெசின் ஊருக்கு, மடத்துவெளிக்கு, வந்து சேர்ந்தபோது, மகள் வதனி பேசத் தொடங்கியிருந்தாள். "அம்மா" என்ற சத்தம் காதில் விழுந்ததும் நாகபூசணி குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதாள். தன் பிள்ளையின் குரல் இவ்வளவு கீச்சாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அந்தச் சந்தோசம் மெசினோடு வந்த பற்றரி முடியும்வரைதான். சண்டை தொடங்கியதும் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் பற்றரி வருவதைத் தடை செய்துவிட்டது. குண்டு செய்வார்களாம். சட்டைப் பொத்தானளவு பற்றரியில் என்ன குண்டு செய்வது என்று அந்தப் பெரிய மூளைகளிடம் யார் போய்க் கேட்பது?

மச்சாள் இராசேஸ்வரி கொழும்புக்குப் போனபோது, பரராசசிங்கம் அவள் கையில் சேரும்படி ஆறு பற்றரி அனுப்பினான். இராசேஸ்வரி கெட்டிக்காரி. வவுனியாச் சென்றியில் ஆமி சோதிக்கும்போது பிடிபடக்கூடாதென்று, ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த நிறக் கடதாசியை உரித்து, துணியால் மூடி, தன் சட்டைக்குப் பொத்தானாகத் தைத்துக்கொண்டு வந்தாள். ஆமிக்காரன் பையைக் கொட்டிக் கிளறினான். பொத்தானைப் பார்க்கவில்லை. வீட்டில் அன்று ஒரே சிரிப்பு.

நாகபூசணி ஒன்றைப் போட்டாள். மிச்சத்தைப் பொத்திப் பொத்தி வைத்தாள். முதலாவது முடிந்து இரண்டாவதைப் போட்டபோது மெசின் அசையவில்லை. மூன்றாவதும் மிச்சமும் அப்படித்தான். கடதாசியை உரித்தால் காற்றுப் பட்டு, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் அந்தப் பற்றரி தீர்ந்துபோகும் என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்டியில் ஜேர்மன் மொழியில் எழுதியிருந்ததாம். பெட்டியை இராசேஸ்வரி கொழும்பிலேயே எறிந்துவிட்டாள். நாகபூசணி ஒரு மாதம் மச்சாளின் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்காவிட்டால் அவளுக்குப் பேச்சும் இல்லை.

அடுத்த வருசம் ஒரு கன்னியாஸ்திரி, கடதாசி உரிக்காத ஒரே ஒரு பற்றரியைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளுக்குத்தான் வரும். அதற்குள் பிள்ளையின் கதை முழுவதையும் கேட்டுவிட வேண்டும் என்று நாகபூசணி தவித்தாள்.

போட்டவுடன் காகம் கத்துவது கேட்டது. கிணற்றுக் கப்பி கேட்டது. மகளைக் கூப்பிட்டாள். வதனி ஓடிவந்து தாயின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். 'தண்ணி விடாய்க்குது' என்று உதட்டில் தெரிந்தது. காதில் ஒன்றும் விழவில்லை.

"இதுவும் செத்துப்போச்சு மச்சாள்" என்றாள் நாகபூசணி. சொன்ன குரல் அவளுக்கே தெளிவாகக் கேட்டது.

பக்கத்தில் நின்ற இராசேஸ்வரி தலை குனிந்தாள். "பற்றரியிலை பிழையில்லை. எங்களோடை எல்லாம் சத்தமாத்தான் கதைப்பாள். உன்னோடை மட்டும் கனநாளா வாயைத்தான் அசைக்கிறாள். உனக்குச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

நாகபூசணி குந்தியிருந்து பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "அம்மாவுக்கு இப்ப கேக்குது குஞ்சு. சத்தமாச் சொல்லு."

வதனி சொல்வழி கேட்கிற பிள்ளை. வாயை இன்னும் பெரிதாகத் திறந்து, தாய்க்கு நன்றாக விளங்கட்டும் என்று உதட்டை மெல்ல மெல்ல அசைத்தாள்.