சப்பாத்து அளவு

"எடுங்கோ உதை."

யோகமலர் சொன்னது முதலில் யாருக்கும் கேட்கவில்லை. ஐயரின் மந்திரம் ஒலிபெருக்கியில் மலர்ச்சாலை முழுக்க முழங்கிக்கொண்டிருந்தது. சவப்பெட்டிக்குள் கிடந்த ஜெயரட்ணத்தின் வலது கைப்பக்கம், பட்டு வேட்டியின் கரையை விலக்கிவிட்டு, நீளமான பச்சைக் குழாய் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார் அருள்நாயகம். குழாய்க்குள் தூண்டில் தடி நாலு துண்டாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"எடுங்கோ எண்டெல்லோ சொல்லுறன்!"

இந்தமுறை ஒலிவாங்கிக்கும் கேட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். பின்வரிசையில் கைத்தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"அவன் ஆசைப்பட்ட சாமான், பிள்ளை," என்றார் அருள்நாயகம். இறந்தவரின் அண்ணன். எழுபத்திரண்டு வயது, குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கிறவர். "போகேக்கை கொண்டு போகட்டுமன்."

கொண்டு போகட்டுமாம். தம்பிக்காரன் மேற்கே மலை ஆற்றில் மீன் பிடிக்கப் போகப்போகிறேன் என்று முதன்முதலில் சொன்னபோது இந்த வாய் என்ன சொன்னது என்று யோகமலர் மறக்கவில்லை. "மீன் பிடிக்கிறது எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோடா? அதுவும் பிடிச்ச மீனைத் திருப்பி ஆத்திலை விடுறதுக்கு மூவாயிரம் கிலோமீற்றர் போறியோ? விசரா." அன்றைக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். யோகமலரும் சிரித்தாள். அதுதான் இப்போது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அவள் எழும்பிப் போய் குழாயை இழுத்தெடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கறுப்புக் கோட்டுப் போட்ட மலர்ச்சாலைக்காரன் சுவரோரம் நின்று நிம்மதியாக மூச்சு விட்டான். இதையெல்லாம் எரிக்க விடமாட்டோம் என்று எப்படிச் சொல்வதென்று அவன் யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வாய்க்கரிசி போட வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: சிரித்த முகமாய்க் கிடக்கிறார். அது சிரிப்பல்ல என்பது யோகமலருக்குத் தெரியும். முப்பத்தைந்து வருசம் பார்த்த முகம். எதையாவது ஒளித்து வைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவர்போல் தேத்தண்ணி குடிக்கிறபோது அவர் முகம் இப்படித்தான் இருக்கும். செத்த பிறகும் அந்த முகத்தை மாற்றாமல் கிடக்கிறார், கள்ள மனிசன்.

ஒளித்தது என்னவென்று சனிக்கிழமைதான் தெரிந்தது. மல்வேர்னில் அவர்களுடைய வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஜெயரட்ணம் தினமும் காலையில் அங்கே போய்த் தூண்டில் வீசப் பழகினார். அது சாதாரணத் தூண்டிலும் இல்லை. இறகும் மயிரும் சுற்றிப் பூச்சிபோலச் செய்த முள்ளை, ஓடுகிற தண்ணீர்மேல் உண்மையான பூச்சி விழுகிற மாதிரி விழுத்த வேண்டுமாம். புல்லில் முள் சிக்கும் என்று அதற்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தார். தடி முன்னுக்குப் போனால் மணிக்கூட்டில் பத்து மணிச் சாய்வு, பின்னுக்கு வந்தால் ஒரு மணி. அதற்குமேல் போகக்கூடாது. "பத்து, ஒண்டு. பத்து, ஒண்டு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நாய் கொண்டு நடக்கிற சனம் நின்று பார்த்துவிட்டுப் போகும். அவள் குசினி யன்னலால் பார்த்து, திரையை இழுத்துவிடுவாள்.

சனிக்கிழமையும் அப்படித்தான் இழுத்துவிட்டாள். பிறகு அம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவருடைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பொக்கற் வைத்த அந்த மீன்பிடி மேற்சட்டையும் அதில் இருந்தது. உள் பொக்கற்றில் மடித்த கடிதம் ஒன்று. மே பன்னிரண்டாம் திகதி குடும்ப டொக்ரர் எழுதியது. நெஞ்சு நோ, உடனடியாக இருதயப் பரிசோதனை செய்யவும். கடிதத்தின் அடியில் ஜெயரட்ணத்தின் கையெழுத்தில், தமிழில்: "ஓகஸ்ட் 20க்கு மாத்தியாச்சு. போட்டு வந்த பிறகு."

போட்டு வந்த பிறகு! மீன் பிடிக்கப் போய்விட்டு வந்த பிறகாம்!

கடிதத்தைப் படித்த நேரத்திலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஜெயரட்ணம் கார் ஓடுவதில்லை. டொக்ரரின் கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அந்த மனிசன் தனியாகப் போகிற ஆள் இல்லை. அப்படியென்றால் யாரோ கூட்டிப் போயிருக்கிறார்கள். யாரோ தெரிந்துகொண்டு ஐந்து கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த ஆள் யாரென்று தெரிய வேண்டும். தெரிந்தால் சும்மா விடமாட்டாள்.

பெட்டியை மூட முன், குனிந்து நின்ற அருள்நாயகத்தின் காதுக்குள் கேட்டாள்.

"அண்ணை, டொக்ரரிட்டை இவரை நீங்களோ கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"எந்த டொக்ரர்?" அவர் முழித்தார். உண்மையாகவே தெரியாத முழிதான். "இப்ப ஏன் பிள்ளை உதுகள்? பூவைப் போடு."

அவள் பூவைப் போட்டாள். தாலிக்கொடியைக் கழற்றி அவர் நெஞ்சில் வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். சரியாக அந்த நெஞ்சில்தானே நோ இருந்தது என்று நினைத்தபோது கொடியை நெஞ்சோடு அழுத்தி அமத்தினாள். மற்றவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கொடியைத் திருப்பி எடுத்து அவள் கைப்பையில் வைத்துவிட்டார்கள்.

எரியூட்டுகிற இடத்தில் மகன் ஜதுர்சன் பட்டனை அமத்தினான். இரும்புக் கதவு மூடியது. அவ்வளவுதான். வெளியில் வந்தால் ஜூன் மாத வெயில், ஒரு பிழையும் நடக்காத மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

ஜதுர்சனின் காரில்தான் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவன் விட்பியில் இருக்கிறான். கிழமைக்கு ஒருநாள் வந்து தகப்பனோடு அந்த மீன் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். காருக்குள் இரண்டுபேரும்தான். பச்சைக் குழாய் அவள் முழங்காலுக்கிடையில் நின்றது.

"நீதானே?" என்றாள்.

அவன் தெருவைப் பார்த்தபடி இருந்தான். சிக்னல் பச்சையாகியும் கார் நகரவில்லை. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள்.

"அம்மா..."

"நீதானே கூட்டிக்கொண்டு போனனீ?"

"ஓம்."

"நிப்பாட்டு காரை."

பிளாஸா ஒன்றின் தரிப்பிடத்தில் விட்டான். பக்கத்தில் ஒரு பெண் மளிகைச் சாமான்களை வானுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பார்க்கிலை அண்டைக்கு அப்பா ஏலாமல் நிலத்திலை இருந்திட்டார். ஃபேஸ் எல்லாம் வேர்த்து... நான்தான் ஃபோர்ஸ் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனனான். டெஸ்ட்டுக்கும் நான் கொண்டுபோறன் எண்டனான். அவர் கேக்கேல்லை. ப்ராமிஸ் பண்ணச் சொன்னவர்."

"என்னெண்டு?"

"உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு."

"ஏன்? நான் என்ன, பேயோ?"

ஜதுர்சனுக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. நாலு நாளாக அடக்கி வைத்திருந்தவன். "ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதோ? போன முறை என்ன செய்தனீங்கள்? 'கொம்மாவுக்குத் தெரிஞ்சால் இன்னும் ஒரு வரியம் தள்ளிப்போடுவள், பிறகு நான் போகமாட்டன்' எண்டு சொன்னவர். அழுதவர் அம்மா. அப்பா அழுதவர்."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். வெள்ளைச் சேலையோடும் பச்சைக் குழாயோடும் தரிப்பிடத்தின் நடுவில் நின்றாள். எங்கே போவதென்று தெரியவில்லை. சாமான் ஏற்றிய பெண் அவளைப் பார்த்துவிட்டு வானின் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

போன முறை. இரண்டு வருசத்துக்கு முன் பங்குனியில் லண்டனில் அவளுடைய தமையன் செத்துப்போனார். அந்த ஓகஸ்ட்டுக்கு ஜெயரட்ணம் எல்லாம் ஒழுங்குபண்ணி வைத்திருந்தார். சாவுத் துடக்கு உள்ள வீட்டில் விளையாட்டுப் பயணமோ என்று அவள் பிடிவாதமாய் நின்றாள். "கட்டிக் குடுத்த தங்கச்சிக்கு மூண்டு நாள்தானேயப்பா துடக்கு," என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "உங்களுக்கு மூண்டு நாள். எனக்கு ஆண்டுத்திவசம் மட்டும்," என்றாள். அவர் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். ஒருநாளாவது மேசையில் அடித்து நான் போகத்தான் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் என்ன, காலையா பிடித்து இழுத்திருப்பாள்? ஆண்டுத்திவசம் முடிந்தபோது அடுத்த வருசமும் தவறிப்போயிருந்தது, பயணக்காரரிடம் இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம். பிறகுதான் இந்த ஓகஸ்ட்.

நாலு நாளாக யாருடைய கழுத்தைப் பிடிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு ஆள் அகப்பட்டுவிட்டது. ஒருவர் சாம்பலாகிக்கொண்டிருந்தார். ஒருவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தான். மற்றது அவள்தான்.

திரும்பி வந்து காரில் ஏறினாள்.

"மூக்கைத் துடை. வீட்டிலை சனம் பாத்துக்கொண்டிருக்கும்."

வீட்டில் சனம்தான். வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைத்திருந்தார்கள். யாரோ கொண்டுவந்த மரக்கறிச் சாப்பாடு அலுமினியத் தட்டுகளில் திறந்திருந்தது. வரவேற்பறைச் சுவரில் முருகன் கலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வரைபடம் நாலு ஊசியில் குத்தியிருந்தது. விமானத்தில் கல்கரியில் இறங்கி மூன்று மணித்தியாலம் காரில் போனால் ஃபேர்னி. அங்கேயிருந்து எல்க் ஆறு, நீலப் பேனையால் தடிப்பாக்கி, நின்று வீச வேண்டிய இடமெல்லாம் புள்ளடிக் குறி போட்டிருந்தது. மார்கழியிலிருந்து அது அங்கேதான் தொங்குகிறது. அதன் முன்னால் நின்றுகொண்டு அவர் கேட்ட விசர்க் கேள்விகளுக்குக் கணக்கில்லை. உனக்குக் கரடிக்குப் பயமோ? குளிர் தண்ணியிலை கால் விறைக்குமோ? உன்ரை சப்பாத்து எத்தினையாம் நம்பர்? கடைசிக் கேள்வி சித்திரையில், அவள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தபோது. "ஏன், நடந்து திரிஞ்ச காலத்திலை வாங்கித் தராத சப்பாத்தை இப்ப வாங்கப்போறியளோ? எண்ணெய் தெறிக்குது, அங்காலை போங்கோ," என்று ஏசிவிட்டாள். அங்காலை போய்விட்டார்.

அருள்நாயகம் ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வரைபடத்தின் முன்னால் நின்றார்.

"உதைக் கழட்டுவம். செத்த வீட்டிலை உது வடிவில்லை." கோப்பையை மேசையில் வைத்துவிட்டு முதல் ஊசியைப் பிடுங்கினார். "ஜதுர்சன், அந்த ஆத்துப் பயணக்காரருக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிவிடு. நீயும் போகப்படாது தம்பி. ஆண்டுத்திவசம் மட்டும் ஒருத்தரும் ஒரு இடமும் போகப்படாது."

"நான் போறதா இருக்கேல்லை, பெரியப்பா. எனக்கு லீவில்லை."

"அப்ப ஆர் போறதா இருந்தது? ரெண்டு மழைக்கோட்டு, ரெண்டு சோடி தடிச்ச காலுறை வாங்கி வைச்சிருக்கிறான் மேலை."

ஜதுர்சன் தோளைக் குலுக்கினான். தகப்பன் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அருள்நாயகம் இரண்டாவது ஊசியைப் பிடுங்கினார். அப்போதுதான் யோகமலரின் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. அவளுடையது இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பைக்குள் கிடந்து, அவள் எடுத்து வைத்துக்கொண்ட ஜெயரட்ணத்தின் தொலைபேசி.

மேற்குப் பக்கத்து இலக்கம். எடுத்தாள்.

"வணக்கம், ஜெய் இருக்கிறாரா?" ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், துள்ளுகிற குரல்.

"நான் அவருடைய மனைவி." முதியோர் இல்லச் சமையலறையில் பத்தொன்பது வருசம் பேசிய ஆங்கிலம் அவளுக்குத் தடங்கல் இல்லாமல் வரும்.

"ஓ, நீங்களா! நல்லதாய்ப் போயிற்று. நான் ஸ்டெபனி. ஓகஸ்ட் நாலாம் திகதி உங்கள் இரண்டுபேரையும் ஆற்றுக்குக் கூட்டிப்போகிற ஆள் நான்தான்."

யோகமலர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஆற்றுக்குள் இறங்கி நிற்கிற சப்பாத்துகளை எடுத்து வைக்க வேண்டும். ஜெய் தன்னுடைய அளவைத் தந்துவிட்டார், பத்து. உங்களுடையதுதான் இன்னும் வரவில்லை. ஒருதரம் கேட்டாராம், நல்ல ஏச்சு விழுந்ததாம். கொஞ்சம் பொறுத்துக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார்." ஸ்டெபனி சிரித்தாள். "நானே கேட்டுவிடுவோம் என்று பார்த்தேன்."

வாயைத் திறந்து, நீயும் வா என்று இரண்டு சொல் சொல்லத் தெரியாத மனிசன். சப்பாத்தாம். கரடியாம். அதையெல்லாம் கேட்கத் தெரிந்த வாய்க்கு இது வரவில்லையா? கத்தரிக்காய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, எதுக்கு என்று திரும்பிக் கேட்க அவளுக்கு மட்டும் என்ன கேடு?

"ஆர் பிள்ளை ஃபோனிலை?" என்றார் அருள்நாயகம். மூன்றாவது ஊசியையும் பிடுங்கிவிட்டார். வரைபடம் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஏழு," என்றாள் தொலைபேசியில். சண்டைக்கு இழுக்கிற குரலில்தான் வந்தது. "அகலமான கால். ஒடுக்கமான சப்பாத்துத் தரவேண்டாம்."

"ஏழு, அகலம். எழுதிக்கொண்டேன். தடித்த காலுறை கொண்டுவாருங்கள், பனி உருகி வருகிற தண்ணீர்."

"அவர் வாங்கி வைத்திருக்கிறார்."

தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். தாலிக்கொடியில் பட்டு அது சின்னதாகச் சத்தம் போட்டது. ஜதுர்சன் சுவரோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அறையில் யாரும் சாப்பிடவில்லை.

யோகமலர் அருள்நாயகத்தின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"ஊசியளைத் தாங்கோ."

"பிள்ளை, முப்பத்தொண்டுச் சடங்கு கூட இன்னும்..."

"தாங்கோ அண்ணை."

அவர் உள்ளங்கையை விரித்தார். அவள் மூன்றையும் பொறுக்கி எடுத்தாள். தொங்கிய மூலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோடு வைத்து, பழைய ஓட்டைகளைத் தேடிப் பிடித்து, பெருவிரலால் அமத்தினாள். கடைசி ஊசி லேசில் இறங்கவில்லை. இறங்கும்வரை அமத்தினாள்.