கொக்கியில் மாட்டிய மறுமுனை

அந்தச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் அறைக்கு மட்டும் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். காலை எட்டரைக்கு வெயில் உள்ளே வந்து, அடுக்கி வைத்த வெள்ளை விரிப்புகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து அறையில் மிஷின்கள் உறுமுகிற சத்தம் சுவரைத் தாண்டி வருவதற்குள் தாலாட்டு ஆகிவிடும். அங்கே நின்றால் யாருக்கும் கண் சொருகும். சின்னவளுக்கும் சொருகும்தான். ஆனால் விடுதிகளுக்குப் போக வேண்டிய விரிப்புகள் மலையாகக் குவிந்திருக்கையில் தூக்கமாவது ஒன்றாவது!

சின்னவள் என்றதும் சிறுபிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. பெரியவள் என்று ஒரு அக்கா இருந்ததால் இவள் சின்னவள். அக்கா இங்கிருந்து போய் மூன்று வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

விரிப்பு மடிப்பது இரண்டு ஆள் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று ஓர் உதறு உதற வேண்டும். படாரென்று சத்தம் வரும். பாதிச் சுருக்கம் அதிலேயே ஓடிவிடும். நீளவாக்கில் மடித்ததும், ஒருத்தி தன் முனைகளோடு நடந்து போய் மற்றவள் கையில் சேர்க்க வேண்டும். அக்காவும் தங்கையும் சேர்ந்து மடித்த பதினாறு வருஷமும் நடந்தவள் சின்னவள்தான்.

"நீதானே சின்னவ, நீ நடந்து வா. நான் எதுக்கு வரணும்?" என்று அக்கா நின்ற இடத்தில் ராணி மாதிரி நிற்பாள். ஒரு நாளாவது ஓரடி எடுத்து வைத்திருப்பாளா? கேட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பைக் கெடுத்தது ஒரு சூட்டுத் தழும்பு. பூவேலை செய்த உயர்ந்த விரிப்பு அது. கையால்தான் இஸ்திரி போட வேண்டும். அக்காவுக்குக் குட்டி வீடியோப் பைத்தியம், அதிலும் பூனை என்றால் உயிர். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மேஜையில் கிடந்த அவள் போனில் ஒரு பூனை அலமாரியிலிருந்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சின்னவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் இஸ்திரிப் பெட்டி துணியில் தன் அச்சைப் பதித்துவிட்டது.

முதலாளியம்மா வந்தார். கருகிய துணியைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தார். யார் போன் என்று ஊருக்கே தெரியும். "எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றார் அக்காவிடம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சின்னவள் வாய் திறக்கவில்லை. பயம், வேறென்ன? அக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வீட்டை மாற்றினாள், நம்பரை மாற்றினாள். "அவகிட்ட மட்டும் குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கா" என்று சொந்தக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அதன் பிறகு சின்னவள் சுவரில் இரண்டு கொக்கி அடித்து, விரிப்பின் மறுமுனையை அதில் மாட்டித் தனியாகவே மடித்தாள். வேறு ஆள் தருவதாக முதலாளியம்மா சொன்னபோது வேண்டாமென்றுவிட்டாள். ஒரு நாள் பேருந்தில் முன் இருக்கைப் பெண்மணி போனில் ஏதோ வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் இப்படித்தான் எங்கேயோ ஒரு பேருந்தில் தள்ளிக்கொண்டிருப்பாள், அந்த விரலுக்கடியில் நான் போய் நின்றால் என்ன என்று சின்னவளுக்குத் தோன்றியது.

மறுநாளே துணிக்கூடையில் போனைச் சாய்த்து வைத்து, ஒரு விரிப்பு மடிப்பதைக் குட்டி வீடியோவாக எடுத்துப் போட்டாள். நாற்பது விநாடி. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. வெயில், வெள்ளைத் துணி, ஒரு படார், நான்கு நடை. மொத்தம் ஏழு பார்வை. அதில் மூன்று தடவை அவள் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரருக்கு போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. அதனால் தனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

"கொஞ்சம் காசு தட்டினா ஒரே நாள்ல பத்தாயிரம் பேரக் கொண்டு வந்து நிறுத்திருவானுங்க. சொல்லட்டுமா?"

"வேணாங்க. காசுக்கு வாங்கின கண்ணுல எங்க அக்கா கண்ணு இருக்குமா?"



எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அப்படித்தான் நடந்தது. தினமும் அதே எட்டரை, அதே ஜன்னல். வீடியோவுக்குக் கீழே எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் அவள் உட்கார்ந்து பதில் எழுதினாள். தன் விரிப்பு மடிபடவே மாட்டேனென்கிறது என்று ஒருத்தர் புலம்பினால், மறுநாள் அவருக்காகவே மெதுவாக மடித்துக் காட்டினாள். ஒரு செவிலி, தூக்கம் வராத நோயாளிகளுக்குக் காட்டினேன் என்று எழுதினாள். அவர்கள் தங்கள் வீட்டாருக்குக் காட்டினார்கள். ஏழு எழுபதாயிற்று, எழுபது ஏழாயிரமாயிற்று. ஒரு வருஷம் திரும்பியபோது, பெயர் தெரியாத எத்தனையோ அறைகளில் மனிதர்கள் அவளோடு சேர்ந்து மூச்சை இழுத்து, படார் கேட்டதும் விட்டுக்கொண்டிருந்தார்கள். சில காலைகளில், அந்த மூச்செல்லாம் சேர்ந்துதான் விரிப்பு இவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அவளுக்குத் தோன்றும். வெள்ளைத் துணி காற்றில் நிற்கும் அந்த ஒரு கணம், அதற்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும். துணி இறங்கினால் கொக்கிதான்.

பார்க்கிறவர்கள் அதற்குக் கொக்கி மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். "மாமாவுக்கு லீவே கிடையாதா?" என்று கேலி செய்வார்கள். ஒரு நாள் யாரோ எழுதினார்கள்: "முன்னாடி அந்தப் பக்கம் யாரோ இருந்திருக்காங்க. நீங்க முகத்தை நிமிர்த்தி ஆளைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்து மடிக்கிறீங்க. யாரு அது?"

சின்னவளுக்கு அன்று வேலை ஓடவில்லை. இத்தனை பேரைச் சேர்த்தது அக்கா பார்க்க வேண்டும் என்றுதான். பார்த்தால் போதுமா? பார்த்து, இவள் சொகுசாகப் பேர் வாங்கிக்கொண்டு நிற்கிறாள் என்றுதானே நினைப்பாள்? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்த அதே வாய்தானே இப்போதும் மூடிக்கிடக்கிறது?

"நாளைக்கு நான் பேசப்போறேன்" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"நீ பேசாம இருக்கறதாலதான் வர்றாங்க. பேசினா கூட்டம் ஓடிரும். உங்க முதலாளியம்மாவும் பாக்கறாங்க, ஞாபகம் இருக்கா? வேலை போயிரும்டி."

"அக்காவுக்கும்தான் போச்சு."

மறுநாள் எட்டரைக்குக் கொக்கிக்கு எதிரே நின்று, விரிப்பைப் பிடித்தபடியே சொன்னாள். "அந்தப் பக்கம் எங்க அக்கா நின்னா. ஒரு விரிப்பு கருகிச்சு. கருக்கினது நான். அவ போன்ல நான்தான் பூனை வீடியோ பார்த்துக்கிட்டிருந்தேன். பழி அவ மேல விழுந்தப்ப நான் பேசாம நின்னேன். அக்கா, தப்பு என்னோடது." பிறகு உதறினாள். படார் சரியாக வரவில்லை.

கூட்டம் ஓடத்தான் செய்தது. நிம்மதிக்காக வந்தோம், உன் குடும்பக் கதைக்கா வந்தோம் என்று சிலர் எழுதிவிட்டுப் போனார்கள். துரோகி என்றும் ஒருத்தர் எழுதினார். அதற்கும் அவள் பதில் எழுதினாள்: "ஆமாங்க."

மத்தியானம் முதலாளியம்மா வந்து வாசலில் நின்றார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் திட்டியிருப்பேன். ஒருத்தியையும் அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார். "நானும் கேக்காமப் போயிட்டேன்." அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

வேலை போகவில்லை என்பதில் சின்னவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எட்டு நாள் அக்காவிடமிருந்து எதுவும் இல்லை. எட்டரைக்கு வெயில் வந்தது, துணி எழுந்தது, இறங்கியது, கொக்கி நின்றது.

ஒன்பதாம் நாள், விரிப்பின் மறுமுனையை மாட்டிவிட்டு அவள் போனை எடுத்தபோது ஒரு புது வரி வந்திருந்தது. பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனைப் படம்.

"ஒரு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இடது முனையத் தளர்த்திப் பிடிக்கிற, அதான் நடுவுல சுருக்கம் விழுது. எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்? கொக்கியக் கழட்டுடி. இந்தத் தடவ நான் நடந்து வரேன்."

சின்னவள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு போய் இரண்டு கொக்கியிலிருந்தும் முனைகளைக் கழற்றினாள். விரிப்பு தரையெல்லாம் பரவி விழுந்தது. விழட்டும், திரும்பத் துவைத்துக்கொள்ளலாம். தன் பக்கத்து இரண்டு முனைகளையும் எடுத்துப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி, நின்ற இடத்திலேயே நின்றாள்.