பன்னிரண்டு மணி நேரப் பாடம்

வக்கீல் க்ளேட்டனுக்கு அந்தக் கட்டாய வகுப்பு என்றாலே வேப்பங்காய். தொழிலுக்கு வந்து முப்பது வருஷமான பிறகும் ஆண்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பாடம் கேட்டால்தான் உரிமம் நிற்கும் என்றால் யாருக்குத்தான் கடுப்பு வராது? டிசம்பர் கடைசி வாரம் பாட வீடியோவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று சோதிக்கத் திரையில் அவ்வப்போது வரும் குறியீட்டை அவருடைய குமாஸ்தா லோர்னா தட்டினாள். முழுவதையும் நானே பார்த்தேன் என்று வகுப்புச் சான்றிதழில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டது மட்டும் அவர்.

மார்ச்சில் வெடித்தது. புது வருஷ விதிப்படி மேல்முறையீட்டுக்கான முப்பது நாள் கெடு இருபதாகக் குறைந்திருந்தது. கட்சிக்காரி டெல்மாவின் வீட்டு வழக்குக்காக அவர் இருபத்தாறாம் நாள் போய் நின்றார். மனுவைத் திருப்பிவிட்டார்கள். டெல்மாவுக்கு இனி வீடு இல்லை.

"லோர்னா, ஒரு பிரமாணப் பத்திரம் அடி. புது விதி எனக்குத் தெரியவே தெரியாதுன்னு போடு. ஜட்ஜ் மனசு இரங்குவாரு."

"அந்த வீடியோல முதல் பாடமே அதுதான், க்ளேட்டன்."

"அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"'எனக்குத் தெரியாத சட்டமா'ன்னு தினம் கேப்பீங்களே. தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்."

அவள் டிராயரைத் திறந்து வகுப்புச் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுவும் நீங்க சத்தியம் பண்ணிப் போட்ட கையெழுத்துதான். ரெண்டுல எது பொய்னு சொல்லுங்க, டைப் பண்றேன்."