வாசலில் ஒரு சோடிச் செருப்பு

"செருப்ப எதுக்குப் புள்ள வெச்சிட்டுப் போகச் சொல்ற? வாங்கி ஒரு மாசமும் ஆகல்ல."

"அங்க ரப்பர் செருப்பு இல்லாமலா போகும்? இது வாசல்ல கெடக்கட்டும். ஆம்புளச் செருப்பு ஒண்டு கெடந்தாத்தான் ஊட்டுல ஆள் இரிக்கி எண்டு காட்டும்."

"அப்ப நான் தேவல்ல. செருப்பே போதும்."

"ஓம். செருப்பு குறட்டை விடாது."

நளீர் பெட்டியை அமுக்கி மூடிக்கொண்டே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வேற ஒண்டும் எனக்கிட்டச் சொல்ல இல்லையா?" என்று கேட்டான்.

"இல்ல."

பதினான்கு மாதமாயிற்று. ஸம்றாவுக்கு அந்த 'இல்ல' மட்டும் இன்னும் தொண்டையில் மீன்முள்போலக் குத்திக்கொண்டிருந்தது. சொல்ல ஒன்று இருந்தது. படிக்கப் போகும் மனிதனின் காலைக் கட்டக்கூடாது என்று அன்றைக்கு அதை விழுங்கிவிட்டாள்.

கல்முனைக்குடியில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், வாப்பா அவள் பேரில் கட்டிக் கொடுத்த வீடு அது. நிக்காஹ் முடிந்த இரவு நளீர் அங்கே குடி வந்தான். பத்தொன்பது நாள் இருந்துவிட்டு, இருபதாம் நாள் மெல்பேர்ணுக்கு விமானம் ஏறினான். பக்கத்து வளவிலேயே உம்மா சுபைறா இருந்தாலும், ஸம்றா ஒரு நாளும் அங்கே போய்ப் படுத்ததில்லை. தன் வீட்டை இருட்டாகப் போட அவளுக்கு மனம் வராது. அந்தியில் மஹ்ரிபு பாங்கு சொன்னதும் கேற்று லைற்றைப் போடுவாள். படியில் கிடக்கும் நீலச் செருப்பைத் துடைத்து, நுனி உள்ளே பார்க்கும்படி நேராக வைப்பாள். அவன் உள்ளேதான் இருக்கிறான் என்று ஒரு கணம் தோன்றும். அந்தக் கணத்துக்காகத்தான் அதைச் செய்தாள்.

ஆகஸ்ட் மாதத்து அந்த வெள்ளிக்கிழமை, லைற்றைப் போட்டுவிட்டுக் குனிந்தபோது செருப்பு திரும்பிக் கிடந்தது. இரண்டும் ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில், தெருவைப் பார்த்தபடி. வெளிக்கிடப் போகிறவன் காலை நுழைக்கத் தோதாக.

பூனை என்று நினைத்தாள். பூனை செருப்பைப் புரட்டிப் போடும். இப்படிச் சோடி சேர்த்து வைக்காது. அதற்கு மேல் யோசிக்காமல் நேராக்கிவிட்டு உள்ளே போனாள்.

தொழுது முடிக்க நளீரின் வீடியோ கோல் வந்தது. அங்கே நேரம் நாலரை மணித்தியாலம் முன்னால், இரவு பதினொன்றரை. பின்னால் சிவப்பு, பச்சை வெளிச்சங்களும், நெஞ்சுக்குள் இடிக்கிற பாட்டுச் சத்தமும். தோளில் நாலைந்து பேருடைய கோட்டுகள் தொங்கின.

"இதென்ன, உடுப்புக் கடை போட்டுட்டீங்களா?"

"கிளெய்டன்ட பிறந்தநாள். ரெண்டு ராவும் கொண்டாட்டமாம். இவனுகள் உள்ளுக்கு ஆடுறானுகள். நான் கோக் குடிச்சிட்டு கோட்டுக்குக் காவல்."

கிளெய்டன் தலையை நுழைத்தான். கல்முனையில் நளீரோடு ஒன்றாகப் பந்து விளையாடியவன். மெதடிஸ்ட் பள்ளியடியில் வீடு. "மச்சாள், ஒண்டுக்கும் பயப்படாதீங்க. உங்கட ஆள நாங்க கெடுக்கப் பாத்தும் கெடுறான் இல்ல."

"நல்லாக் கதைக்கிறீங்க. குளிருக்குள்ள நிக்க வெச்சிரிக்கீங்களே, அவருக்குத் தடிமன் வந்தா ஆரு பாக்கிற?"

"தடிமன் வந்தா உங்கட பேரச் சொல்லித் தைலம் பூசுறன்."

கிளெய்டன் சிரித்துக்கொண்டு போனதும் நளீரின் முகம் மாறியது. "திங்கக்கிழம கடைசி நாள். கையெழுத்து வெச்சா இன்னும் ரெண்டு வருசப் படிப்பு. மறுகா அப்படியே வேலையும் எடுக்கலாம் எண்டுறானுகள். நீ என்ன சொல்ற?"

இரண்டு வருடம். அதற்கப்புறம் வேலை. அதற்கப்புறம் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒழுங்கையிலேயே அப்படிப் போய் வராத மாப்பிள்ளைமார் இரண்டு பேர் இருந்தார்கள்.

"உங்கட விருப்பம்," என்றாள்.

அவன் காதை ஃபோனோடு அழுத்தினான். "ஆரு புள்ள ஊட்டுக்குள்ள?"

"ஒருத்தரும் இல்ல."

"நடக்கிற சத்தம் கேக்குது. செருப்போட."

ஸம்றாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறியும் தூரத்துக் கடலும்தான். அந்தப் பாட்டு இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு இவன் எதைக் கேட்டான்? கேட்க வாயெடுக்கும்போது கோல் அறுந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். செருப்பு மறுபடி தெருவைப் பார்த்துக் கிடந்தது.

சனிக்கிழமை காலை உம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "ராவு ஆரு மகள் பைப்படியில கால் கழுவின? ரெண்டு மணி இரிக்கும்."

"நான் எழும்பவே இல்ல உம்மா."

"நான் கேட்டன். கழுவிப்போட்டு நடந்த சத்தமும் கேட்டிச்சி." சுபைறா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு கால இழுத்து."

பந்து விளையாட்டில் முறித்துக்கொண்ட இடது காலை நளீர் சற்று இழுத்துத்தான் நடப்பான். அவன் வரும்போது செருப்பு 'டப்' என்று ஒருமுறையும் 'சர்ர்' என்று ஒருமுறையும் சொல்லும். வீட்டுக்குள் வருமுன் பைப்படியில் கால் கழுவாமல் அவன் ஒருநாளும் படி ஏறியதில்லை. இரண்டும் உம்மாவுக்கும் மகளுக்கும் தெரியும்.

"உசிரோட இரிக்கிற மனிசன்ட சாமானுக்கு இப்படி வெளியில காவல் வேல குடுக்கப்படாது மகள்," என்றாள் உம்மா. "எடுத்து உள்ளுக்கு வெச்சிட்டு, ஊட்டப் பூட்டிப் போட்டு இஞ்ச வந்து படு. இண்டைக்கு மட்டும்."

பயம்தான் அவளைத் தலையாட்ட வைத்தது. அன்று மஹ்ரிபுக்கு முன்னரே செருப்பை எடுத்துப் பேப்பரில் சுற்றி, இரும்பு அலுமாரிக்குள் அவனுடைய சாரன்களுக்குக் கீழே வைத்துப் பூட்டினாள். கேற்று லைற்றைப் போடவில்லை. பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அந்த வீடு இருட்டிக் கிடந்தது.

உம்மா வீட்டில் சோறு இறங்கவில்லை. எட்டு மணிக்கு வரவேண்டிய கோல் வரவில்லை. இவள் எடுத்தபோது மணி அடிக்காமலே அறுந்தது. எட்டரைக்கும் அப்படித்தான். ஒன்பது மணிக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம், பைப் திறக்கும் சத்தம் கேட்டது.

சுபைறாவின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது.

தண்ணீர் ஓடியது. நின்றது. பிறகு ஈரக் கால் சீமெந்தில் பதியும் சத்தம். செருப்பு இல்லாத வெறுங்கால். ஒன்று பதிந்தது, ஒன்று இழுபட்டது. படியடியில் வந்து நின்றுவிட்டது. திரும்பிப் போகவும் இல்லை.

"போகாத மகள்."

"அவர் கால் மாதிரி இரிக்கி உம்மா."

மதிலின் சின்னக் கதவால் நுழைந்து போனாள். முற்றத்தில் யாரும் இல்லை. ஃபோன் வெளிச்சத்தைப் படியில் பிடித்தாள். செருப்பு கிடக்கும் அதே இடத்தில் இரண்டு ஈரக் காலடிகள், நுனி கதவைப் பார்த்தபடி. இடது காலடியில் குதிகால் பதியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஈரம் காயாமல் கூடிக்கொண்டே போனது. காலடிக்குள் நீர் ஊறி, மணல் கசிந்து, ஓரமாக வழிந்தது. விரலால் தொட்டாள். குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. கல்முனைக் கடல் ஒருநாளும் அப்படிக் குளிர்ந்ததில்லை. நாக்கில் வைத்தாள், உப்பு.

யாரோ இருட்டில் வீடு தெரியாமல் நிற்கிறார்கள். படியில் ஏறக் காலுக்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

ஸம்றா வீட்டைத் திறந்து ஓடினாள். அலுமாரியைத் திறந்தாள். பேப்பர் சொதசொதவென்று நனைந்திருந்தது. சாரன்கள் காய்ந்தபடியே இருந்தன. பனிக்கட்டியைத் தூக்குவதுபோல அந்தச் செருப்பைத் தூக்கி வந்தாள். பிஸ்மி சொல்லி, வலது காலடியில் வலதையும் இடதில் இடதையும் வைத்தாள், நுனி உள்ளே பார்க்க. பிறகு கேற்று லைற், முன் லைற், அறை லைற் என்று வீட்டிலுள்ள அத்தனையையும் போட்டாள். கதவை அகலத் திறந்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். பயம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில், அவள் கண்ணுக்கு முன்னால், செருப்பின் வார் மெல்ல மேலெழும்பி இறுகியது.

டப். சர்ர்.

அவ்வளவுதான். வார் தளர்ந்தது. படியில் ஈரம் காயத் தொடங்கியது. தொட்டுப் பார்த்தாள், செருப்பு வெதுவெதுப்பாக இருந்தது.

ஃபோன் அடித்தபோது பத்து மணியாக இன்னும் கொஞ்சம் இருந்தது. தெரியாத நம்பர். கிளெய்டன்தான், குரலில் ஆட்டமும் பாட்டமும் ஒன்றும் இல்லை.

"மச்சாள், நளீர் நல்லா இரிக்கான். முதல்ல அதச் சொல்றன். இஞ்ச இரிக்கான், போர்வைக்குள்ள."

"என்ன நடந்த?"

"கிளப்பால வெளிக்கிட்டு கடற்கரைக்குப் போனம். பகடிக்குத்தான் தண்ணிக்குள்ள இறங்கின. இவன் முழங்கால் மட்டும்தான் வந்தவன். கீழால மண் இழுத்திட்டு. அஞ்சாறு நிமிசம் ஆளையே காணல்ல. என்ட பிழதான் மச்சாள். நான் கூப்பிட்டிருக்கப்படாது."

ஃபோன் கை மாறியது. பல் அடிக்கிற சத்தம் முதலில் கேட்டது.

"ஸம்றா."

"ஓம். இரிக்கன்."

"எல்லாம் இருட்டு. எந்தப் பக்கம் கரை எண்டு விளங்கல்ல. காலுக்குப் படி தட்டுப்பட்டிச்சி, நம்மட படி. ஆனா ஏறேலாம நிண்டன். நீ லைற் போடல்லையா எண்டு நினைச்சன். விசர்க்கதை எண்டு நினைப்பாய்."

"நினைக்கல்ல. சொல்லுங்க."

"மறுகா வெளிச்சம் வந்திச்சி. கேற்று லைற் மாதிரி. காலுல செருப்பு வந்து மாட்டின மாதிரி இரிந்திச்சி. நான் வெறுங்காலோடதான் இறங்கின. ரெண்டு எட்டு வெச்சன். கரையில நிண்டன்."

அவள் செருப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மதிலடியில் உம்மா ஓதிக்கொண்டு நின்றாள். கடல் வழமைபோல இரைந்தது.

"ஸம்றா, திங்கக்கிழம அந்தப் பேப்பர்..." அவன் மூச்சு வாங்கினான். "ஒனக்கிட்டக் கேக்கிறன். 'உங்கட விருப்பம்' எண்டு மட்டும் சொல்லாத. அண்டைக்கும் அப்படித்தான் ஒண்டும் இல்ல எண்டாய். ஒண்டு இரிந்திச்சி. எனக்குத் தெரியும்."

"இரிந்திச்சி."

"சொல்லு."

பதினான்கு மாதம் விழுங்கி வைத்திருந்தது வெளியே வரும்போது, நினைத்ததைவிடச் சின்னதாக, நினைத்ததைவிட எளிதாக இருந்தது.

"கையெழுத்து வெக்காதீங்க. இந்தப் படிப்ப முடிச்சிட்டு ஊட்ட வந்திருங்க. எனக்குச் செருப்புப் போதாது."